முத்துக்குளித்துறையில் இளையோர்வழி நம்பிக்கைப் பகிர்வு: சவேரியார் மடல்கள் முதல் அச்சேறிய மறைக்கல்வி நூல்கள் வரை

ஆய்வுச் சுருக்கம்

இளம் கத்தோலிக்கர் தம் நம்பிக்கையை வாழவும் பிறரோடு பகிரவும் எவ்வாறு ஊக்கம் பெறுவர் என்னும் வினா இன்று திருச்சபை வட்டங்களில் பெரிதும் பேசப்படுகிறது. இவ்வினாவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றிலேயே பழைமையான சான்று ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் சிறுவர்களும் இளைஞர்களும் மறைக்கல்வியைப் பெற்றவர்களாக மட்டுமன்றி, அதனை வீட்டுக்கும் வீதிக்கும் கொண்டுசென்றவர்களாகவும் விளங்கினர். அம்முயற்சி தாய்மொழி, பொறுப்பு, தொடர்பயிற்சி ஆகிய மூன்றினால் வலுப்பெற்றதையும், பிறர் சமயத்தை மதிக்கும் எல்லை வகுக்கப்படாத இடத்தில் அது பிழைபட்டதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, பரதவர், சவேரியார், அண்டிரிக் அடிகளார், மறைக்கல்வி, இளையோர் பணி, சமய உரிமை.

முன்னுரை

தமிழில் அச்சேறிய தொடக்கக்கால நூல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் எழுத்து வடிவம், மொழிநடை, அச்சுக்கலை ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. அந்நூல்கள் யாருக்காக உருவாக்கப்பட்டன என்னும் வினாவும் அதற்கு இணையான முதன்மை உடையது. அவை பெரிதும் மறைக்கல்விக்கென எழுந்தவை. அம்மறைக்கல்வியின் முதல் மாணவர்கள் கடற்கரைச் சிற்றூர்களின் பிள்ளைகள். நூல்கள் அச்சேறுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அவற்றின் உள்ளடக்கம் பிள்ளைகளின் வாய்வழியாக ஊரெங்கும் பரவத் தொடங்கியிருந்தது. அச்சுக்கு முந்திய அந்த வாய்மொழிக் கல்வியையும், பின்னர் எழுந்த நூல்களையும் ஒரே தொடராக வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பிரான்சிஸ் சவேரியார் 1542 முதல் 1544 வரை எழுதிய மடல்கள் இதற்கு முதன்மைச் சான்றுகள். அவை ஐரோப்பாவில் உள்ள தம் சபையினரைப் பணிக்குத் தூண்டும் நோக்கிலும் எழுதப்பட்டவை. அவற்றில் கேட்கும் குரல் பணியாளருடையதே அன்றிப் பிள்ளைகளுடையது அன்று. இதனை நினைவிற்கொண்டே அவற்றைப் படித்தல் வேண்டும்.

1. திருமுழுக்குப் பெற்றும் கல்வி பெறாத கடற்கரை

மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு முதலிய ஊர்களில் வாழ்ந்த பரதவர், முத்துக்குளிப்பு உரிமை தொடர்பான பூசலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். அதனையொட்டி 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் அவர்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அரசியல், பொருளியல் காரணங்களோடு பிணைந்த இம்மனமாற்றத்திற்குப் பின், அவர்களுக்கு மறைக்கல்வி அளிக்கும் ஏற்பாடு ஏதும் முறையாக அமையவில்லை.

1542 மே மாதம் கோவாவை அடைந்த சவேரியார், அவ்வாண்டு அக்டோபரில் இக்கடற்கரைக்கு வந்தார். அம்மாத இறுதியில் தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடலில், மக்கள் தாம் கிறிஸ்தவர் என்பதற்கு மேல் வேறெதுவும் அறியாதிருந்த நிலையைப் பதிவு செய்கிறார். அவருடன் மண்ணின் மைந்தர் மூவர் கோவாவிலிருந்து வந்திருந்தனர். குருத்துவப் பயிற்சியில் இருந்த அவர்கள் தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்கள். தமிழ் அறியாத சவேரியார் மக்களிடம் பேசியது அம்மூவரின் துணையோடுதான். ஆகவே, இக்கடற்கரையின் முறையான மறைக்கல்வி தொடங்கியபோதே உள்ளூர் இளைஞர்கள் அதன் நாவாக இருந்தனர். ஐரோப்பியப் பணியாளர் ஒருவரின் தனிச்சாதனையாக மட்டும் இவ்வரலாற்றைக் கூறும் வழக்கத்தில் இவ்வுண்மை மறைந்துபோகிறது.

2. கற்பிக்குமாறு வேண்டிய சிறுவர்

அதே மடலில் சவேரியார் தரும் காட்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. ஊரில் நுழைந்ததும் சிறுவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, தங்களுக்கு ஏதேனும் மன்றாட்டைக் கற்பிக்குமாறு விடாது வேண்டினர். அவர் தம் திருப்புகழ்மாலையைச் செபிக்கவோ உண்ணவோ உறங்கவோ அவர்கள் விடவில்லை. விண்ணரசு இத்தகையோருக்கே உரியது என்னும் நற்செய்திக் கருத்தின் பொருளை அப்போதே தாம் உணரத் தொடங்கியதாக அவர் எழுதுகிறார்.

கற்பித்தல் இங்கே பணியாளரின் திட்டத்தினின்று மட்டும் பிறக்கவில்லை. பிள்ளைகளின் ஆர்வம் அதற்கு முந்தி நின்றது. பெரியோர் செய்ய வேண்டியிருந்தது அந்த ஆர்வத்திற்குச் சொல்லும் வடிவமும் தருவதே. இளையோரிடம் ஆர்வமே இல்லை என்னும் முடிவோடு தொடங்கும் எந்த முயற்சியும் இம்மடலிலிருந்து கற்க வேண்டியது உண்டு.

3. வீடு, வீதி, நோயாளியின் படுக்கை

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட மடலில் சவேரியார் தம் கற்பித்தல் முறையை விரிவாக விளக்குகிறார். முதலில், இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டிச் சிலுவை அடையாளம், நம்பிக்கை அறிக்கை, பத்துக் கட்டளைகள், ‘விண்ணகத் தந்தையே’, ‘அருள் நிறைந்த மரியே’ முதலியவற்றைப் பெரும் முயற்சியோடு தமிழாக்கச் செய்தார். அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பின்னர் கையில் மணியோடு ஊர் முழுவதும் சென்று சிறுவரையும் ஆடவரையும் திரட்டி, நாள்தோறும் இருமுறை வீதம் ஒரு மாத காலம் கற்பித்தார். பிள்ளைகள் தாம் கற்றதைத் தாய் தந்தையர்க்கும் வீட்டில் உள்ள ஏனையோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் அனைவரும் கூடி, நம்பிக்கை அறிக்கையையும் கட்டளைகளையும் பகுதி பகுதியாகச் சொல்லினர்.

இம்முறையில் பிள்ளையே வீட்டின் ஆசிரியர். பெரியோரிடமிருந்து சிறியோருக்குச் செல்வது அறிவு என்னும் வழக்கமான ஓட்டம் இங்கே திசை மாறுகிறது. கடலுக்குச் செல்லும் தந்தைக்கும் வீட்டுப் பணியில் இருக்கும் தாய்க்கும் ஆசிரியரை நாடிச் செல்ல நேரம் வாய்க்காது. ஆனால், கற்ற பிள்ளை மாலையில் வீடு திரும்பும். ஒரே ஒருவர் பல ஊர்களுக்கும் பணியாற்ற வேண்டிய சூழலில் எழுந்த இந்த நடைமுறைத் தீர்வு, பிள்ளைகளுக்கு வீட்டிலும் ஊரிலும் புதியதொரு மதிப்பைத் தந்தது.

அடுத்த படி மேலும் முதன்மையானது. நோயுற்றோரின் வீடுகளிலிருந்து வந்த அழைப்புகள் பெருகியபோது, எல்லா இடங்களுக்கும் செல்ல இயலாத சவேரியார், மன்றாட்டுகளை அறிந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் கூட்டி, எல்லாரோடும் சேர்ந்து நம்பிக்கை அறிக்கையைச் சொல்லி, நோயாளிக்கு நம்பிக்கையூட்டினர். பாடமாகக் கற்ற சொற்கள் நோயாளியின் படுக்கையருகே ஆறுதல் மொழியாக மாறின. மனப்பாடக் கல்வியைப் பொருளற்ற ஒப்புவித்தல் என்று ஒதுக்கிவிடுவோர் இவ்விடத்தைக் கருத வேண்டும். துன்புறும் ஒருவர்முன் நின்று சொல்லும்போது, அச்சொற்களின் பொருளைச் சிறுவன் புதிதாகக் கற்கிறான். இரக்கச் செயலோடு இணைந்த இடத்தில் மனப்பாடம் வாழ்வாகிறது.

சவேரியார் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும்போது மன்றாட்டுகளின் எழுத்துப்படியை விட்டுச் சென்றார். எழுதத் தெரிந்தோர் அதனைப் படியெடுத்து, மனப்பாடம் செய்து, நாள்தோறும் சொல்லுமாறு பணித்தார். ஊர்தோறும் இப்பணியைக் கவனிக்க உள்ளூர்ப் பொறுப்பாளர்களையும் அமர்த்தினார். அவர்கள் ‘கணக்கப்பிள்ளை’ என்னும் பெயரால் வழங்கப்பட்டனர். பிள்ளைகளின் ஆர்வம் ஒரு மாதத்தோடு அணைந்துவிடாதவாறு அதனைத் தாங்கும் அமைப்பு இவ்வாறு உருவாயிற்று.

4. ஒரு சொல்லின் திருத்தம்

விரைந்து செய்யப்பட்ட மொழிபெயர்ப்பில் பிழைகளும் நேர்ந்தன. 1544ஆம் ஆண்டின் இறுதியில் தம் உடன்பணியாளர் மன்சிலாஸ் என்பவருக்கு எழுதிய மடலில், நம்பிக்கை அறிக்கையின் தமிழ் வடிவத்தில் இரு திருத்தங்களைச் செய்யுமாறு சவேரியார் பணிக்கிறார்.

முதலாவது, ‘நம்புகிறேன்’ என்னும் பொருள் வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்னும் தொடர் வழங்கிவந்தது. ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல் ஆதலால், அதனை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை அமைக்க வேண்டும் என்கிறார். இரண்டாவது, கிறிஸ்துவின் பாடுகளைக் குறிக்கும் பகுதியில் வன்முறையால் கட்டாயப்படுத்தப்பட்டுத் துன்புற்றார் என்று பொருள்படும் தொடர் இருந்தது. கிறிஸ்து தம் விருப்பத்தோடு பாடுபட்டார் என்பதால் அத்தொடர் தகாது என்கிறார்.

இத்திருத்தங்கள் மொழியியல் நோக்கில் பலமுறை சுட்டப்பட்டவை. கல்வியியல் நோக்கிலும் அவற்றுக்குப் பொருள் உண்டு. ஈராண்டுக் காலம் பிள்ளைகள் தெருத்தெருவாகச் சொல்லிவந்தது ‘எனக்குக் கடவுள் வேணும்’ என்னும் பொருளையே. அது பிழையான மொழிபெயர்ப்பு. ஆயினும், பாதுகாப்பை வேண்டித் திருமுழுக்குப் பெற்ற ஒரு சமூகத்தின் அன்றைய நிலையை அச்சொல் தன்னையறியாமலே சுட்டி நிற்கிறது. ‘வேணும்’ என்பதிலிருந்து ‘விசுவாசம்’ என்பதற்குச் செல்லும் பயணமே மறைக்கல்வியின் பயணம். பெறும் நன்மைக்காகப் பற்றிக்கொள்வதிலிருந்து நம்பி ஒப்படைப்பதற்கு நகர்வது எக்காலத்து இளையோருக்கும் உரிய வளர்ச்சி. இரண்டாம் திருத்தம் அந்நம்பிக்கையின் இயல்பைக் காட்டுகிறது: கட்டாயம் இன்றித் தன்னுரிமையோடு செய்யப்படுவதே அன்பின் செயல்.

5. ஆர்வம் எல்லை கடந்த இடம்

இரண்டாம் திருத்தம் உணர்த்தும் தன்னுரிமை, நடைமுறையில் எல்லா இடத்தும் காக்கப்படவில்லை. 1544 ஜனவரி மடலிலேயே சவேரியார் வேறு செய்திகளையும் தருகிறார். பழைய வழிபாட்டைத் தொடர்ந்த பெற்றோரைப் பிள்ளைகள் கடிந்துகொண்டு, அதனைத் தம்மிடம் வந்து தெரிவித்தனர் என்றும், தெய்வ உருவங்கள் செய்யப்பட்ட இடங்களுக்குத் தாம் சிறுவர்களை அழைத்துச் சென்றபோது அவர்கள் அவ்வுருவங்களை இழிவுபடுத்தி உடைத்தனர் என்றும் அவர் நிறைவோடு எழுதுகிறார்.

இச்செய்தியை மறைத்து எழுதப்படும் வரலாறு முழுமையாகாது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கத்தோலிக்கத்தின் மனப்பாங்கு இதற்குப் பின்னணி என்பது உண்மை. எனினும், பின்னணியை விளக்குவது செயலை நியாயப்படுத்துவது ஆகாது. நோயாளியின் வீட்டில் செபித்த அதே கைகள் அண்டை வீட்டாரின் வழிபாட்டுப் பொருளை உடைத்தன. இரண்டு செயல்களுக்கும் ஊற்று ஒன்றே; அது பிள்ளைகளின் மாசற்ற ஆர்வம். அந்த ஆர்வத்திற்கு எத்திசை காட்டப்படுகிறது என்பது காட்டுவோரின் பொறுப்பு. இளையோரை ஊக்குவித்தல் என்பது இயல்பாகவே நன்மை தரும் செயல் அன்று. எதற்கு ஊக்குவிக்கிறோம் என்பதே அதன் மதிப்பை முடிவு செய்கிறது.

பெற்றோரை வேவு பார்க்கும் நிலைக்குப் பிள்ளைகள் தள்ளப்பட்டதும் கருதத்தக்கது. வீட்டுக்கு ஆசிரியராகச் சென்ற பிள்ளை, வீட்டைக் குற்றஞ்சாட்டுபவராகவும் மாறக்கூடும். பகிர்தலும் கண்காணித்தலும் வேறு வேறு என்னும் தெளிவு அன்று இல்லை.

6. அச்சேறிய வினாவிடை

சவேரியாரின் முயற்சியைத் தமிழ்ப் புலமையோடு முன்னெடுத்தவர் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் என்னும் அண்டிரிக் அடிகளார் (1520–1600). 1546இல் இந்தியா வந்த அவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை முத்துக்குளித்துறையில் கழித்தார். தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றையும் எழுதினார். பிறர் துணையின்றி மக்களோடு நேரே உரையாடும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. சவேரியார் காலத்து மொழிபெயர்ப்புப் பிழைகளைக் களையும் பணியிலும் அவர் ஈடுபட்டார்.

இதற்கிடையே 1554இல் லிஸ்பனில் தமிழ் மன்றாட்டுகள் உரோமன் எழுத்தில் போர்த்துக்கீசிய விளக்கத்தோடு ‘கார்த்தியா’ என்னும் நூலாக அச்சிடப்பட்டன. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறு பக்கங்களே கொண்ட சிறுநூல் அது. மறு ஆண்டு, 1579 நவம்பர் 14 அன்று, ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வெளிவந்தது. மார்கோஸ் ஜோர்ஜ் என்பவர் போர்த்துக்கீசியத்தில் சிறுவர்களுக்குக் கற்பிக்கவென்று உரையாடல் வடிவில் இயற்றிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம் அது.

இந்நூலின் வடிவம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஒப்புவிக்கும் மன்றாட்டிலிருந்து வினாவிடைக்கு மறைக்கல்வி இங்கே நகர்கிறது. மன்றாட்டைச் சொல்வதற்கு நினைவாற்றல் போதும்; வினாவுக்கு விடை கூறுவதற்குப் பொருளுணர்வும் வேண்டும். வினாவிடையாகப் பயின்ற மாணவர், நாளை வேறொருவர் அதே வினாவை எழுப்பும்போது விடையளிக்கும் ஆயத்தம் பெறுகிறார். விடைகள் முன்னரே வரையறுக்கப்பட்டவை என்னும் குறை இவ்வடிவத்திற்கு உண்டு. எனினும், நம்பிக்கையைக் காரணத்தோடு எடுத்துரைக்கும் பழக்கத்தின் முதற்படி அதுவே. தொடர்ந்து 1586இல் அச்சான ‘அடியார் வரலாறு’ புனிதர்களின் வாழ்வைத் தமிழில் தந்தது. சொல்ல வேண்டிய மன்றாட்டு, உணர வேண்டிய விளக்கம், பின்பற்ற வேண்டிய வாழ்வு என்னும் மூன்று படிகள் எட்டே ஆண்டுகளில் தமிழ் நூல்வடிவம் பெற்றன.

இக்கல்வியின் உறுதி அடுத்த நூற்றாண்டில் சோதனைக்கு உள்ளானது. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், கோவில்கள் பறிபோயின. சீர்திருத்தச் சபைக்கு மாறுமாறு தூண்டப்பட்டும் பரதவர் தம் கத்தோலிக்க நம்பிக்கையிலேயே நிலைத்தனர். சாதித்தலைவரின் கீழ் அமைந்த சமூகக் கட்டுக்கோப்பும், திருவிழா மரபுகளும் இதற்குத் துணைநின்றன. அவற்றோடு, குரு இல்லாத வீட்டிலும் மன்றாட்டைத் தமிழில் சொல்லவும் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கவும் வல்ல குடும்பங்கள் மூன்று தலைமுறைகளாக உருவாகியிருந்தமையும் ஒரு காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

7. சொல்லுக்கு முன் ஒழுக்கம்

குருக்கள் அரிதாக இருந்த காலத்தில் மறைக்கல்வியைத் தாங்கியவர்கள் ‘வேதியர்’ அல்லது ‘உபதேசியார்’ எனப்பட்ட பொதுநிலையினர். வீரமாமுனிவர் (1680–1747) இவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். போதிக்கும் முறையை மட்டும் கூறும் கையேடாக அதனை அமைக்காமல், போதிப்பவரின் வாழ்க்கைத் தூய்மையை முன்னிறுத்தி அமைத்தார் என்பதை நூலின் பெயரே அறிவிக்கிறது. பகிர்தலுக்கு முன்நிபந்தனை வாழ்தல் என்னும் கொள்கை இவ்வாறு தமிழ்க் கிறிஸ்தவ உரைநடையில் நிலைபெற்றது.

சவேரியாரின் பிள்ளைகள் சொற்களைச் சுமந்தனர். அண்டிரிக் அடிகளாரின் மாணவர் விளக்கத்தைப் பெற்றனர். வீரமாமுனிவரின் வேதியர் ஒழுக்கத்தால் போதிக்க வேண்டியவராயினர். இம்மூன்றும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல; ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த அடுக்குகள்.

8. இன்றைய திருச்சபைப் போதனையின் ஒளியில்

கடற்கரையில் தேவை கருதி எழுந்த நடைமுறை, இருபதாம் நூற்றாண்டில் திருச்சபையின் கொள்கையாகவே உருப்பெற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட பொதுநிலையினர் திருத்தூதுப்பணி பற்றிய விதித்தொகுப்பு, இளையோருக்கு நேரடித் திருத்தூதர்களாக முதலில் விளங்க வேண்டியவர்கள் இளையோரே எனக் கூறுகிறது (எண் 12). 2018 அக்டோபரில் இளையோரைப் பற்றி நடைபெற்ற ஆயர் மாமன்றத்தின் கனியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மார்ச் 25 அன்று கையெழுத்திட்ட ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்னும் திருத்தூது ஊக்கவுரை, இளையோர் பணியின் செயற்படுநர் இளையோரே என வலியுறுத்துகிறது. அவர்களுக்கு உடனிருப்பும் வழிகாட்டலும் வேண்டும். ஆனால், தம் படைப்பாற்றலோடும் துணிவோடும் புதிய வழிகளைக் காணும் உரிமையும் வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

கடற்கரையில் நேர்ந்த பிழைக்கும் அதே சங்கம் விடை தந்தது. கிறிஸ்தவமல்லாத சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என 1965 அக்டோபர் 28 அன்று வெளியான அறிக்கையும், சமய நம்பிக்கையில் எவரையும் கட்டாயப்படுத்துதல் மனித மாண்புக்கு முரணானது என அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று வெளியான சமய உரிமை அறிக்கையும் தெளிவுபடுத்தின. பல சமயத்தாரும் ஒரே தெருவிலும் ஒரே வகுப்பறையிலும் வாழும் தமிழ்ச் சூழலில் இத்தெளிவு இன்றியமையாதது. இங்கே நம்பிக்கையைப் பகிர்தல் என்பது தன் வாழ்வின் காரணத்தைக் கேட்போருக்குப் பணிவோடு எடுத்துரைத்தலும், கேளாதோருக்கும் அன்போடு பணிசெய்தலும் ஆகும்.

இவ்வரலாறு பங்குகளின் இன்றைய நடைமுறையை நோக்கி எழுப்பும் வினாக்கள் சில. உறுதிப்பூசுதல் பெற்றபின் இளையோர் மறைக்கல்வியிலிருந்து விலகுகின்றனர் என்னும் கவலை அடிக்கடி எழுப்பப்படுகிறது. கற்றதை எங்கே பயன்படுத்துமாறு அவர்களை அனுப்பினோம் என்பது அக்கவலைக்கு முந்திக் கேட்க வேண்டிய வினா. பத்து வயதுச் சிறுவனை நோயாளியின் வீட்டுக்கு நம்பி அனுப்பிய மரபு, இன்று பதினெட்டு வயது இளைஞரைத் திருவிழா நாளில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பணியோடு நிறுத்திவிடுகிறதா? தமிழில் நம்பிக்கையை எடுத்துரைக்கும் சொல்வளம் அவர்களுக்குத் தரப்படுகிறதா? அவர்கள் எழுப்பும் வினாக்களுக்கு, அச்சிட்ட விடைகளுக்கு அப்பாலும் செல்லும் உரையாடல் கிடைக்கிறதா?

முடிவுரை

முத்துக்குளித்துறை வரலாறு மூன்று உண்மைகளை நிறுவுகிறது. முதலாவது, நம்பிக்கை இளையோரின் தாய்மொழியில் அவர்கள் சொல்லத்தக்க வடிவம் பெற்றபோதே பரவியது. அம்மொழி பிழைபட்டபோது அதனைத் திருத்தும் பணிவும் உடன் தேவைப்பட்டது. இரண்டாவது, இளையோர் கேட்பவர்களாக மட்டும் நிறுத்தப்படாமல், கற்பிக்கும் பொறுப்பும் இரக்கப் பணியும் பெற்றபோது நம்பிக்கை அவர்களுடைய சொந்த உடைமையாயிற்று. மூன்றாவது, பிறருடைய நம்பிக்கையை மதிக்கும் பண்பு உடன் கற்பிக்கப்படாவிடில், அதே ஆர்வம் காயப்படுத்தும் கருவியாகவும் மாறும்.

‘வேணும்’ என்னும் சொல்லை நீக்கிய திருத்தமும் வன்முறையைக் குறித்த தொடரை நீக்கிய திருத்தமும் ஒரே மடலில் இடம்பெற்றவை. இளம் கத்தோலிக்கரை ஊக்குவிக்க முயல்வோர் இன்றும் செய்ய வேண்டியவை இவ்விரு திருத்தங்களே. ‘எனக்கு வேண்டும்’ என்னும் நிலையிலிருந்து ‘நான் நம்புகிறேன்’ என்னும் நிலைக்கு இளையோர் வளரத் துணைநிற்பது ஒன்று; அவ்வளர்ச்சி எவருடைய கட்டாயமும் இன்றி நிகழவும், அவர்கள் எவரையும் கட்டாயப்படுத்தாமல் வாழவும் வழிகாட்டுவது மற்றொன்று.